முதல் தண்ணீர்

அத்தியாயம் 14

அன்று காலை பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்கள்:

ஹிமேனோ ரித்சுகோ. வழிகாட்டி. முன்னால் நடப்பவள்.

ஹிமேனோ கெய்ஸோ. அவளுடைய மாமனார். கடைசியில் நடப்பவர்.

கெய்ஸோவின் மகள் கஸுயோ. வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

டோக்கியோவிலிருந்து தோகுநாகாவும் அவர் மனைவியும். நகோயாவிலிருந்து அக்கா தங்கை இருவர், ஒரே நிற மழைச்சட்டையில். தனியாக வந்திருந்த இவாசே அம்மாள், எழுபதைத் தாண்டியவர்.

நவோட்டோ இல்லை. அவன் செத்து மூன்று வருடமாகிறது. ஆனாலும் ஹிமேனோ வீட்டில் ஆட்களை எண்ணும்போது எல்லோரும் ஒரு நொடி நிறுத்தித்தான் அடுத்த ஆளுக்குப் போவார்கள்.

நவோட்டோ ரித்சுகோவின் புருஷன். கெய்ஸோவின் மகன்.

போன வியாழக்கிழமை ரித்சுகோ யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி நகர அலுவலகத்துக்குப் போனாள். புருஷன் செத்த பிறகு அவன் வீட்டாரோடு உள்ள உறவை முறித்துக்கொள்ள சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. மாமனார் சம்மதம் வேண்டாம். அவருக்குத் தகவல்கூடப் போகாது. கவுன்டரில் இருந்த பெண் முத்திரை குத்தினாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து கெய்ஸோ அவளுக்கு யாரோ ஒரு கிழவர். அன்று மாலையும் அந்தக் கிழவருக்கு மிசோ சூப் வைத்துக் கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள்.

இன்று சொல்லியாக வேண்டும். இந்த வருடத்தின் கடைசி நடை இது. நாளை மறுநாள் மலைப்பாதையை மூடிவிடுவார்கள். டிசம்பர் முதல் அவளுக்குக் குமமோட்டோவில் வேலை.

சொல்ல வேண்டிய நாளில் உடம்பு ஏற்கெனவே ஓய்ந்துபோயிருந்தது. விடிவதற்கு முன்பே யுடானி ஊர்க் குளியலறைக்குப் போய்விட்டாள். வருடத்துக்கு ஒருமுறை தொட்டிகளைக் காலி செய்து, சுவரெல்லாம் படிந்த கந்தகக் கசடைச் சுரண்டி, புது ஊற்று நீரை விடுவார்கள். அந்த மாதம் எந்த வீட்டு முறையோ, அந்த வீட்டின் வேலை. இந்த மாதம் ஹிமேனோ வீட்டு முறை. ஹிமேனோ வீடு என்றால் ரித்சுகோ.

புது நீரில் மாலை வரை யாரும் விரல்கூட வைக்கக் கூடாது. முதல் தண்ணீர் மருத்துவப் புத்தருக்கு. ஊர்க்காரர்கள் சாக்கே என்ற அரிசி மதுவோடு வந்து, தொட்டித் தலைமாட்டில் இருக்கும் கற்சிலையின் மேல் ஒரு குவளை வெந்நீர் ஊற்றிக் கும்பிட்ட பிறகுதான் மனிதர்கள் இறங்கலாம். அதுவும் ஊர் வீட்டார் மட்டும்: வீட்டுக்கு ஒரு சாவி, வெளியாட்களுக்கு எந்த நாளும் அனுமதி இல்லை.

சுரண்டி முடித்து, மதகுப் பலகையைத் தூக்கி நீரைத் திறந்துவிட்டு, பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்திருந்தாள். நகக்கண்களில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"கெளம்பலாங்களா?" என்றாள். குரல் அவளுக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

*

தோகுநாகா தன் முதுகுப்பையில் பித்தளை மணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அடிக்கு ஒரு சத்தம். கணவாய் ஏறி முடிப்பதற்குள் எல்லோருடைய மண்டைக்குள்ளும் அது ஒலித்துக்கொண்டிருந்தது.

"அது எதுக்குங்க?" என்று நகோயா அக்கா கேட்டாள்.

"கரடிக்கு. சத்தம் கேட்டா கிட்ட வராதாம்."

"இந்தத் தீவுல கரடி இல்லைங்க. அழிஞ்சு ரொம்ப காலமாச்சு," என்றாள் ரித்சுகோ.

"இருந்தாலும் ஒரு முன்ஜாக்கிரதை."

கடைசியிலிருந்து கெய்ஸோவின் குரல் வந்தது. "நல்லதுதான். சுத்துற பேய் பிசாசாவது ஓடிப் போகட்டும்."

தங்கை சிரித்தாள். தோகுநாகாவின் மனைவி, புருஷனுக்குத் தெரியாமல், அதிகமாகவே சிரித்தாள்.

கெய்ஸோவின் முழங்கால்கள் இரண்டும் கெட்டுவிட்டன. இறக்கத்தில் பக்கவாட்டில்தான் நடப்பார், நண்டு மாதிரி. போன வசந்தத்திலேயே நிறுத்தச் சொன்னாள். "கடைசியில ஒரு ஆள் வேணும்ல. யார் நடப்பா?" என்றார். நவோட்டோ நடந்த இடம் அது. அவரும் அதைச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

கந்தக மலையின் புகை அன்று மேலே போகாமல் சரிவிலேயே சாய்ந்து கிடந்தது. நாணல் எல்லாம் பூத்து, நனைந்து, தலை கவிழ்ந்திருந்தது. விருந்தாளிகள் நின்று படம் எடுத்தார்கள். ரித்சுகோ வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். எந்த மலை எப்போது வெடித்தது, எந்தப் பாறை எங்கிருந்து விழுந்தது. பன்னிரண்டு வருடமாகச் சொல்கிறாள். நடுவில் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

இவாசே அம்மாள் அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தார். கேள்விகளை மிட்டாய் மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

"பின்னாடி வர்றவர் உங்க அப்பாவா?"

"மாமனார்."

"வீட்டுக்காரர்?"

"இல்ல."

"இல்லன்னா? வெளியூரா?"

"செத்துட்டாரு."

"அடடா." நாலு எட்டு நடந்தார். "கொழந்தைங்க?"

"இல்ல."

"அப்போ நீங்க ஏம்மா இன்னும் இங்க இருக்கீங்க?"

ரித்சுகோ திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் முகத்தில் விஷமம் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தார்.

"இன்னிக்கு நடை இருக்குதே," என்றாள்.

*

பாறை மறைவில் உட்கார்ந்து சோற்றுருண்டையைப் பிரித்தார்கள். ரித்சுகோ தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கெய்ஸோவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மாமா. ஒரு விஷயம்."

"ஊறுகாய் பிளம்ல உப்பு ஜாஸ்தி."

"மாமா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"போன வருஷப் பிளமா இது?"

"ஆமா. மாமா..."

"அங்க பாரு, மேகம் எறங்குது." பாதி உருண்டையை அப்படியே சுருட்டிப் பையில் வைத்தார். "சதுப்பைத் தாண்டற வரைக்குமாவது மழை வராம இருக்கணும். எல்லாரையும் எழுப்பு."

மேகம் காலையிலிருந்தே அங்கேதான் இருந்தது. ரித்சுகோ அவரையே பார்த்தாள். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, கைத்தடியை ஊன்றி, போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். பேச்சை முடிக்க அவருக்கு அந்த இடம் வசதியாக இருந்தது.

*

சதுப்பின் மேல் போட்டிருந்த பலகைப் பாதையில்தான் அது நடந்தது. மழை பிடித்துவிட்டது. முன்னால் போய்ப் படம் எடுக்க வேண்டும் தோகுநாகாவுக்கு. "கொஞ்சம், கொஞ்சம்," என்று மணியை ஆட்டிக்கொண்டு எல்லோரையும் தாண்டி வந்தார். இவாசே அம்மாள் மரியாதைக்கு ஓரம் ஒதுங்கினார். பலகையின் ஓரத்தில் பாசி.

சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மாள் இடுப்பளவு கறுப்பு நீரில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்றார். "ஷூ மட்டும்தான்..."

கெய்ஸோவும் ரித்சுகோவும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் நவம்பர் நீர். மழைச்சட்டைக்குள் கழுத்துவரை ஈரம். ரித்சுகோ தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டாள். காட்டு வழியாக இறங்கும்போது அந்த அம்மாளின் பற்கள் அடித்துக்கொள்வது மணியை விடச் சத்தமாகக் கேட்டது. தோகுநாகா மணியைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியவில்லை.

பள்ளத்தாக்கில் போன் எடுக்காது. வேன் ஊரின் மேல் முனையில், ஹிமேனோ குடும்பத்து விடுதியில் நிற்கிறது.

தேவதாருக் காட்டின் விளிம்பில் கெய்ஸோ சொன்னார். "நான் மத்தவங்களைக் குறுக்கு வழியில விடுதிக்குக் கூட்டிட்டுப் போறேன். கஸுயோவை வேன் எடுத்துட்டு வரச் சொல்றேன். நீ இந்த அம்மாவைக் கூட்டிட்டு ஓகுரா வீட்டுக்குப் போ. அடுப்பு போட்டிருப்பான்."

"சரி மாமா."

சரி என்றுதான் சொன்னாள்.

காட்டை விட்டு இறங்கினால் யுடானியின் முதல் கட்டடம் ஊர்க் குளியலறை. அதற்கு அடுத்தது ஓகுராவின் வீடு. ஓகுரா குளியலறைச் சங்கத்தின் தலைவர். புகைக்குழாயில் புகை வந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டினால் திறப்பார். உள்ளே கூப்பிடுவார். துண்டு கொடுப்பார், தேநீர் கொடுப்பார். ரித்சுகோ தரையில் கை ஊன்றி நன்றி சொல்ல வேண்டும். நாளைக்கு ஒரு பெட்டி இனிப்போடு போய் மறுபடி சொல்ல வேண்டும். ஓகுரா, "மாமனார் எப்படி இருக்காரு? இந்தக் குளிருக்கு அவர் முழங்கால்? நீ இருக்கிறதாலதான் அந்த வீடு நிக்குது," என்பார். போன மாதமும் அதைத்தான் சொன்னார். அதற்கும் குனிய வேண்டும்.

அவளுக்கு முதுகு வளையவில்லை. அவ்வளவுதான். பிற்பாடு யார் எப்படிக் கேட்டாலும் இதற்கு மேல் அவளிடம் காரணம் இல்லை.

பையில் சாவி இருந்தது. திறந்தாள்.

*

"இந்தத் தண்ணி..." என்று இவாசே அம்மாள் கழுத்து வரை மூழ்கிக்கொண்டு ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.

ரித்சுகோ முதலில் காலில், பிறகு முழங்காலில், பிறகு தோளில் என்று குவளை குவளையாக ஊற்றிப் பழக்கித்தான் இறக்கினாள். இப்போது தொட்டி ஓரத்தில், உடுப்போடு, குந்தி உட்கார்ந்திருந்தாள். காலையில் அவள் சுரண்டிய கல் பளபளத்தது. மேலே சின்னப் புத்தர், தலை காய்ந்தபடி.

பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். ஆளுயரம்தான். அதற்கு மேல் இரண்டுக்கும் ஒரே கூரை, ஒரே நீராவி. யுடானியில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை பாதி அந்தச் சுவருக்கு மேலேதான் நடக்கும்.

ஆண்கள் பக்கத்துக் கதவு நகர்ந்தது. கைத்தடியின் சத்தம். விருந்தாளிகளை விடுதியில் விட்டுவிட்டு, வேனுக்குக் காத்திராமல் கெய்ஸோ நடந்தே வந்திருந்தார்.

"யாரு உள்ள? ஏன் கதவு தொறந்திருக்கு?"

"நான்தான் மாமா."

"அந்த அம்மா எங்க? ஓகுரா வீட்டுலயா?"

இவாசே அம்மாள் உற்சாகமாகக் கையைத் தூக்கினார். தண்ணீர் சலசலத்தது. "இங்கதான் இருக்கேங்க! நல்லா இருக்கேன்!"

சுவருக்கு அந்தப் பக்கம் கைத்தடி நின்றது. குழாயிலிருந்து நீர் விழும் சத்தம் மட்டும்.

"ரித்சுகோ."

"ம்."

"தண்ணியிலயா இருக்காங்க?"

"ஆமா."

"இன்னிக்கு என்ன நாள்?"

"தெரியும் மாமா. காலையில தேச்சுக் கழுவினது நான்தான்."

"ஓகுரா வீட்டுல பொகை வருதே."

"பாத்தேன்."

"பாத்துட்டுமா?"

"பாத்துட்டுத்தான். கேக்கறதுக்குத் தெம்பில்ல."

கெய்ஸோ எதிலோ உட்கார்ந்தார். பலகை முனகியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரியாதது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. மூன்று வருடத்தில் இந்த மாதிரி ஒரு வசதி கிடைத்ததில்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

"மாமா. போன வியாழக்கிழமை நான் டவுனுக்குப் போயி..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"முத்திரை குத்திட்டு வந்தது தெரியும். அந்தக் கவுன்டர்ல உக்காந்திருக்கிற பொண்ணு என் தங்கச்சி மருமக. கல்யாணத்துல உனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டா. நீ பஸ் ஏறி வீடு வந்து சேர்றதுக்குள்ள எனக்குப் போன் வந்துடுச்சு."

"அவ சொல்லக் கூடாது."

"கூடாதுதான். சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா ஒரு வாரம் சும்மா இருந்தீங்க?"

"சூப் வச்சுக் குடுத்தியே. குடிச்சிட்டு இருந்தேன்."

இவாசே அம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தான் அங்கே இல்லாதது போல. காதுகள் மட்டும் நீருக்கு மேலே கவனமாக இருந்தன.

"எங்க போகப் போற?"

"குமமோட்டோ. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல."

"அங்க போயும் சமையல்தானா?"

"அங்க ஞாயித்துக்கிழமை லீவு."

கெய்ஸோ மூக்கால் ஒரு சத்தம் போட்டார். சிரிப்பாக இருக்கலாம். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா விட்டிருப்பேன்."

"கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டீங்க."



"ஆமா," என்றார். "விட்டிருக்க மாட்டேன்." கைத்தடியை ஊன்றி எழுந்தார். "சரி. அதைப் பெறகு பாக்கலாம். மொதல்ல அந்த அம்மாவைத் தொடச்சுப் பின்பக்கமா அனுப்பு. அஞ்சு மணிக்கு ஓகுரா ஆளுங்களோட வருவான். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல வேணாம். தண்ணி தண்ணியாத்தான் இருக்கும்."

"சாமிக்குத் தெரியுமே."

"சாமி வெளியில சொல்லாது. ஓகுராதான் சொல்லுவான்."

*

ஓகுரா சீக்கிரமே வந்துவிட்டார். சாக்கே பாட்டிலை வெள்ளைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். பின்னால் சங்கத்து ஆட்கள் இருவர். கெய்ஸோ வாசலில் நின்று, மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். முழங்காலைப் பற்றியும் பேசினார். அவர் தானாக முழங்காலைப் பற்றிப் பேசினால் ஏதோ விபரீதம் என்று ஓகுராவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பின்பக்கக் கதவுக்குப் போகும் வழியில் இவாசே அம்மாள் திரும்பிவிட்டார். ரித்சுகோ ஈர உடுப்புகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. இவ்வளவு உபகாரம் செய்த ஊருக்கு நன்றி சொல்லாமல் போவது அவர் வளர்ந்த முறை இல்லை.

முகமெல்லாம் சிவந்து, தலை சொட்டச் சொட்ட, ரித்சுகோவின் கம்பளிச் சட்டையும் மழைக்காற்சட்டையுமாக வந்து, அந்த மூன்று ஆண்களுக்கும் முன்னால் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்.

"என்ன தண்ணிங்க இது! செத்துப் போயிடுவேன்னு நெனச்சேன். உயிர் வந்துடுச்சு. ரொம்ப நன்றிங்க!"

ஓகுரா அவரைப் பார்த்தார். ஈரத் தலையைப் பார்த்தார். பிறகு, பின்னால் ஓடி வந்து நின்ற ரித்சுகோவைப் பார்த்தார்.

"எறங்கிட்டாங்களா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"சதுப்புல விழுந்துட்டாங்க," என்றார் கெய்ஸோ. "நடுங்கிட்டு இருந்தாங்க. வயசானவங்க."

"என் வீடு இதோ இருக்கு. காலையிலேருந்து அடுப்பு எரியுது. தட்டியிருந்தா தொறந்திருக்க மாட்டேனா?"

"நான்தான் தட்டல," என்றாள் ரித்சுகோ.

"ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். உங்களுக்கு நன்றி சொல்ல அலுப்பாக இருந்தது என்று எப்படிச் சொல்வது?

வேன் வந்து நின்றது. கஸுயோ போர்வையோடு இறங்கினாள். எல்லோரும் நின்ற நிலையைப் பார்த்து அவளும் நின்றுவிட்டாள். "என்ன ஆச்சு அண்ணி?" இவாசே அம்மாளுக்குத்தான் முதலில் புரிந்தது, தான் ஏதோ உடைத்துவிட்டோம் என்று. போர்வைக்குள் சுருங்கி, வேனில் போய் ஏறிக்கொண்டார்.

ஓகுரா பாட்டிலைக் கீழே வைத்தார். அவருக்கும் வயதாகியிருந்தது. இந்த வேலை அவருக்கும் பிடிக்கவில்லை, அது முகத்தில் தெரிந்தது.

"கெய்ஸோ. போன வருஷம் மேலத்தெரு வீட்டுப் பையன் சிநேகிதனைக் கூட்டிட்டு வந்து குளிக்க வச்சான். சாதாரண நாள்தான். நானே போயி அந்த வீட்டுச் சாவியை வாங்கிட்டு வந்தேன். நீயும்தானே கூட வந்த?"

"வந்தேன்."

"அந்த வீட்டுக்காரன் அழுதான். விட்டோமா?"

"விடல."

"இன்னிக்கு உன்னை விட்டா நாளைக்கு அவன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? சொல்லு, நீயே சொல்லு."

கெய்ஸோ முழங்காலைத் தேய்த்தார். ஊரை உலுக்கிய பூகம்பத்துக்குப் பிறகு ஹிமேனோ விடுதியின் சொந்த ஊற்று ஆறிப்போய்விட்டது. இந்த நீரில் தினமும் ஊறினால்தான் அவரால் மறுநாள் எழுந்து நிற்க முடியும். அதுகூடப் பரவாயில்லை. யுடானியில் சாவி இல்லாத வீட்டுச் சவப்பெட்டிக்கு யாரும் தோள் கொடுக்க மாட்டார்கள். நவோட்டோவின் பெட்டியை ஓகுராதான் முன்னால் தூக்கினார்.

"சாவி ஹிமேனோ வீட்டோடது," என்றார் ஓகுரா. "அந்த வீட்டு ஆள் தப்பு பண்ணினா அந்த வீடு குடுக்கணும்."

"அந்த வீட்டு ஆள் பண்ணினாத்தானே?" என்றார் கெய்ஸோ.

"என்ன சொல்ற?"

கெய்ஸோ கைத்தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரித்சுகோ எங்க வீட்டு ஆள் இல்ல. போன வியாழக்கிழமையிலேருந்து இல்ல. டவுன்ல போயி எழுதிக் குடுத்து, அத்துக்கிட்டு வந்துட்டா. நம்பிக்கை இல்லன்னா போன் போட்டுக் கேளு."

மழை கூரையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி?" என்றாள் கஸுயோ. குரல் ஒரு மாதிரி உயர்ந்தது. "அப்பா, என்ன பேசறீங்க நீங்க? அண்ணி, அப்பா சொல்றது..."

"நெசம்தான்," என்றாள் ரித்சுகோ.

சங்கத்து ஆட்கள் இருவரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். ஓகுரா மட்டும் கெய்ஸோவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐம்பது வருடப் பழக்கம். நண்பன் எதைக் கொடுத்து எதைக் காப்பாற்றுகிறான் என்று அவருக்குக் கணக்குப் போட முடிந்தது. அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனமில்லை.

"அப்போ வெளியாள்," என்றார்.

"வெளியாள்."

"வெளியாள் கையில சாவி எப்படிப் போச்சு?"

"நான் குடுத்தேன். அசதி. அந்தத் தப்பு என்னோடது. அதுக்கு என்ன முறையோ பண்ணு. மாசக்கணக்குல கழுவச் சொல்லு, கழுவறேன். வீட்டுச் சாவியை மட்டும் கேக்காத."

ரித்சுகோவுக்கு இதுதான் வேண்டியிருந்தது. ஊரறிய, வழக்கில்லாமல், வாக்குவாதமில்லாமல், அவர் வாயாலேயே. மூன்று வருடமாக அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த எந்தப் பேச்சிலும் இவ்வளவு சுலபமாக முடிந்ததில்லை. அப்புறம் ஏன் நெஞ்சில் யாரோ முழங்கையால் இடித்தது போல இருக்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

சாவியை எடுத்து நீட்டினாள். கெய்ஸோ வாங்கிக்கொண்டார். விரல்கள் படவில்லை.

"தண்ணியை வெளியேத்தணும்," என்றார் ஓகுரா, எல்லோருக்கும் பொதுவாக. "தொட்டியை மறுபடி தேய்க்கணும். விளக்கை ஏத்துங்க. சாமிக்கு இன்னிக்குக் கொஞ்சம் தாமதம் ஆகும்."

ரித்சுகோ தானாகவே உள்ளே போய்விட்டாள். யோசிக்கவே இல்லை. பெண்கள் பக்கத்து மதகுப் பலகையை இறக்கி நீரை அடைத்து, வடிகாலைத் திறந்து, ஆணியில் தொங்கிய தேங்காய்நார்த் தூரிகையை எடுத்து, முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். கை தேய்க்கத் தொடங்கியிருந்தது. இவ்வளவு பெரிய தப்பு செய்த பிறகு செய்ய வேண்டியது அதுதானே.

ஓகுரா அவள் பக்கத்தில் வந்து நின்றார். கடுமையாகச் சொல்லவில்லை.

"அம்மா. அதைக் குடுத்துடுங்க."

பன்னிரண்டு வருடமாக அவளை "ஏம்மா ரித்சுகோ, வா, போ" என்றவர். இப்போது "குடுத்துடுங்க" என்றார். அவள் தூரிகையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"இது என் வேலை. நான் அழுக்காக்கினது."

"வெளியாளுங்க உள்ள நிக்கக் கூடாதுங்க. தயவுசெஞ்சு."

அவள் கெய்ஸோவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டி, மெல்ல மெல்லத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் கல்லில் பட்டதும் முகம் கோணியது. சத்தம் வரவில்லை. கையை நீட்டினார், தூரிகைக்காக.

கொடுத்தாள்.

"நீங்க எப்படித் தேய்ப்பீங்க?" என்றாள் தாழ்ந்த குரலில். "நாளைக்கு எழுந்திருக்க முடியாது உங்களால."

"நாளைக்கு நடை இல்லயே," என்றார்.

வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டினாள். ஈரம் உள்ளே வரைக்கும் போயிருந்தது. வெளியே வேனில் கஸுயோ இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதியில் ஐந்து பேருக்கு ராத்திரிச் சாப்பாடு ஆக வேண்டும். அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சமையலறையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நுழைவது, அந்த மாடி அறையில் இன்று படுப்பதா, இந்த வேனில் முதலில் ஏறுவதா?

பின்னால் கைத்தடிச் சத்தம். கெய்ஸோ எழுந்து கதவு வரை வந்திருந்தார். கைகளில் நீர் வடிந்துகொண்டிருந்தது.

"ராத்திரிக்கு மீன் எடுத்து வச்சிருக்கியா?" என்றார்.

"வெளியாள் சமைச்சா சாப்பிடுவீங்களா?"

அவர் அவள் முகத்தை அன்று அப்போதுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போல உதடு அசைந்தது. உள்ளேயிருந்து ஓகுரா, "கெய்ஸோ, கதவைச் சாத்து, குளிர் அடிக்குது," என்றார்.

ரித்சுகோ மழையில் இறங்கினாள். நீராவியில் ஊதிப்போன, பக்கவாட்டில் நகரும் அந்தக் கதவு ஒரு தள்ளுக்கு மூடாது. அவர் இரண்டாவது முறை தோளைக் கொடுத்துத் தள்ளினார். மூடியது. அப்புறம், உள்ளேயிருந்து, சாவி திரும்பியது.